கடல் தாண்டிப் போன ஐயர்

“மாமா, இன்னிக்கு எங்க? செந்தோசாவா, முஸ்தபாவா?”

“ரெண்டும் இல்லம்மா. ஒரு ஐயரைத் தேடிப் போறேன்.”

“எந்தக் கோயில் ஐயர்? பெருமாள் கோயிலா, காளியம்மன் கோயிலா?”

“அவர் இறந்து நூத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பேரு கோமஸ்.”

அக்கா மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சென்னையில் வளர்ந்து, கல்யாணமாகி சிங்கப்பூரின் பொங்கோலில் பதினோராவது மாடியில் குடியிருக்கிற பிள்ளைக்கு, திருநெல்வேலிச் சீமையில் பாதிரியாரையும் ‘ஐயர்’ என்றுதான் சொல்வோம் என்பது தெரிய நியாயமில்லை. கால்டுவெல் ஐயர், போப் ஐயர், நாசரேத்தின் மர்காஷிஸ் ஐயர் என்றுதான் எங்கள் வீட்டுக் கிழவிகள் சொல்வார்கள். போன தலைமுறைவரை திருமணப் பத்திரிகையில்கூட ‘கனம் இன்னார் ஐயர் அவர்கள்’ என்று அச்சடித்தவர்கள் நாங்கள்.

அந்த ஐயர்கள் எல்லாரும் வந்தவர்கள். கால்டுவெல் சென்னையில் கரையிறங்கியது 1838-இல், 23 வயதில். போப் வந்தது 1839-இல், இருபது வயதுகூட நிறையாமல். இளம் வயதில் ஊரைவிட்டுக் கிளம்பி, வந்த இடத்து மொழியைத் தன் மொழியாக்கிக்கொண்டவர்கள் என்று மெரினா கடற்கரையில் இருவருக்கும் சிலை வைத்திருக்கிறோம். வைக்க வேண்டியதுதான். ஆனால் அதே நூற்றாண்டில், அதே எஸ்.பி.ஜி. மிஷன் சங்கத்தின் சம்பளத்தில், நம் பக்கத்துக் கடலிலிருந்து கிழக்கே போனவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரின் பெயரையாவது நாம் சொல்வதுண்டா? வந்த ஐயர்களுக்குச் சிலை இருக்கிறது, போன ஐயர்களுக்கு நம்மிடம் ஒரு வரிகூட இல்லை. இந்தக் குறை பல வருஷமாக என்னை நெருடிக்கொண்டிருந்தது. அக்கா மகள் வீட்டுக்கு வந்த பத்து நாளில் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கினேன்.

வில்லியம் ஹென்றி கோமஸ். தூத்துக்குடிக்காரர்களுக்குக் கோமஸ் என்றால் அடுத்த தெருக்காரர் போலத் தோன்றும். இவர் இலங்கையில் பிறந்தவர். பெயர்தான் போர்த்துக்கீசியம், சபை ஆங்கிலிக்கன். நான் அவரை முதலில் சந்தித்தது அவர் மகன் எழுதிய புத்தகத்தில். மகன் எட்வின் கோமஸும் குருவானவர்தான். போர்னியோவின் கடல் தயாக்குகளிடையே 17 ஆண்டுகள் இருந்ததைப் பற்றி அவர் எழுதிய நூல் 1911-இல் லண்டனில் வெளிவந்தது. தலைவேட்டை, நெடுவீடு, சகுனப் பறவைகள் எல்லாம் நிறைந்த சுவாரசியமான புத்தகம். அதில் தகப்பனாரைப் பற்றி வருவது கொஞ்சம்தான்: 1852 முதல் 1867 வரை லுண்டுவில் தயாக்குகளிடையே ஊழியம். அதன்பின் 1872 முதல் 1902-இல் இறக்கும்வரை சிங்கப்பூர். நாற்பத்தைந்து வருஷ உழைப்பு இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. மகன்கள் தகப்பன்களைப் பற்றி எழுதுவது எப்போதும் இப்படித்தான் போலிருக்கிறது.

பொங்கோலிலிருந்து ஊதா நிற ரயிலில் ஏறி, தோபி காட்டில் மாறி, சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கினேன். படியேறி வெளியே வந்ததும் வெள்ளை வெளேரென்று செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். சுற்றிலும் கண்ணாடி மாளிகைகள் வானத்தை மறைத்து நிற்க, நடுவே பச்சைப் புல்லில் இது மட்டும் பழைய சலவை வேட்டி மாதிரி பளிச்சென்று கிடக்கிறது.

இந்த இடத்தில் முதலில் 1830-களில் கோல்மன் என்பவர் ஒரு கோயில் கட்டினார். பிறகு அதற்கு ஒரு கோபுரக் கூம்பு வைத்தார்கள். 1845-இல் ஒரு முறை, 1849-இல் இன்னொரு முறை, இரண்டு தடவை அதன்மேல் இடி விழுந்தது. ஆட்கள் உள்ளே போகவே அஞ்சினார்கள். கடைசியில் 1855-இல் இடித்தார்கள். 1856-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் புதிய கோயிலுக்கு அஸ்திவாரக் கல் வைத்தார். வரைபடம் போட்டவர் மேக்ஃபெர்சன் என்ற ராணுவப் பொறியாளர். கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825 முதல் வங்காளம், சென்னை மாகாணங்களிலிருந்து கப்பல் கப்பலாக நாடுகடத்தப்பட்டு வந்தவர்கள். கொத்து வேலை, தச்சு வேலை, கொல்லு வேலை எல்லாம் இங்கேதான் கற்றுக்கொடுத்து, இந்த நகரத்தின் பாதியை அவர்கள் கையால் எழுப்பினார்கள்.

சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அவர்கள் பூசிய பூச்சை அன்றைய வெள்ளைக்காரர்கள் ‘மெட்ராஸ் சுனம்’ என்றார்கள். நம் சுண்ணாம்புதான் கப்பலேறி இந்தப் பெயரில் இறங்கியிருக்கிறது. கைதிகளை மேற்பார்த்த மெக்நேர் அதன் செய்முறையை 1899-இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். மணல் கலக்காத சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை. இவற்றைக் குழைக்கத் தேங்காய் மட்டையை ஊறவைத்த தண்ணீர். பூசிக் காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்க வேண்டும். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகம் பார்க்கலாம் போன்ற சுவரைத் தடவியிருப்பவர்களுக்கு இந்தப் பக்குவத்தை விளக்க வேண்டியதில்லை. உள்ளே பீடத்துக்குமேல் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். நடுச் சன்னல் ராஃபிள்ஸ் நினைவாக. இரு புறமும் கிராஃபர்டு, பட்டர்வொர்த். மூன்று பேரும் ஆட்சியாளர்கள். சுவரைப் பூசியவனுக்குச் சன்னல் கிடையாது, அது எந்த ஊரிலும் கிடையாது.

1862 ஜனவரியில் இந்தக் கோயிலைப் பிரதிஷ்டை செய்ய வந்தவரும் கல்கத்தா அத்தியட்சர்தான், காட்டன். சிங்கப்பூரில் நின்றுகொண்டு எதற்கெடுத்தாலும் கல்கத்தா என்கிறேனே என்று தோன்றலாம். அந்தக் காலத்துத் திருச்சபை வரைபடம் அப்படி. 1869 வரை இந்தத் தீவு கல்கத்தா அத்தியட்சரின் ஆளுகையில்தான் இருந்தது. கோமஸும் அந்தக் கல்கத்தா வழியாகத்தான் வந்தார்.

ஹூக்ளி ஆற்றின் மேல்கரையில் சிப்பூரில் 1820-இல் தொடங்கிய பிஷப்ஸ் கல்லூரி, எஸ்.பி.ஜி. சங்கத்தின் பணத்தில் எழுந்தது. எங்கள் இடையன்குடியையும் சாயர்புரத்தையும் நாசரேத்தையும் நடத்திய அதே எஸ்.பி.ஜி. இந்தியாவிலேயே ஊழியக்காரர்களைத் தயார் செய்ய வேண்டும் என்பது நோக்கம். 1840-களில் அங்கே படித்தவர்களில் வங்கக் கவி மைக்கேல் மதுசூதன் தத்தரும் ஒருவர். அவர் படிப்பை முடிக்காமல் சென்னைக்குக் கிளம்பினார். இலங்கைப் பையன் கோமஸ் அதே கல்லூரியில் படித்து முடித்துக் கிழக்கே கப்பலேறினார். ஒருவர் காவியம் எழுதினார், மற்றவர் காட்டில் பள்ளிக்கூடம் வைத்தார்.

அவர் போன போர்னியோத் தீவின் சரவாக்கில் அப்போது ஒரு வெள்ளைக்காரர் ராஜாவாக உட்கார்ந்திருந்தார். ஜேம்ஸ் புரூக். 1841-இல் புருணை சுல்தானின் பிரதிநிதியிடமிருந்து ஆட்சியை வாங்கியவர். மதம் போதிக்கப் போனவர்கள் இந்த ராஜாவின் துப்பாக்கி நிழலில்தான் போனார்கள். இதை மறைத்துவிட்டு மிஷனரி வரலாறு எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. ராஜா எதிர்பார்த்தது தலைவெட்டாத குடிமக்களை. சங்கத்துக்கு வேண்டியது ஞானஸ்நானம். தயாக்குகள் என்ன கேட்டார்கள் என்று அன்று யாரும் எழுதி வைக்கவில்லை.

லுண்டு, சரவாக்கின் மேற்குக் கோடி. கடலோரம், காடிங் மலை அடிவாரம். உலகத்திலேயே பெரிய பூ, அழுகல் நாற்றம் வீசுகிற ரஃப்ளேசியா, இன்றைக்கும் அந்த மலையில் பூக்கிறது. பூவுக்கும் ராஃபிள்ஸ் பெயர்தான். அங்கே ஆற்றங்கரையில் செபுயாவ் தயாக்குகள் நெடுவீடு கட்டிக் குடியிருந்தார்கள். நெடுவீடு என்பது ஒரே கூரையின்கீழ் ஒரு தெரு. தரையிலிருந்து உயரே, மரக்கால்களின்மேல், இருபது முப்பது குடும்பங்களின் அறைகள் வரிசையாக. முன்னால் எல்லாருக்கும் பொதுவான நீண்ட திண்ணை. அந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மொழியைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டு, அதில் ஜெபம் சொல்லித் தருவது கோமஸின் வேலை. அகராதி கிடையாது. எழுத்தும் கிடையாது. பிள்ளைகளே வாத்தியார்.

அதே ஆண்டுகளில் சரவாக்கில் வண்டு பிடித்துக்கொண்டிருந்தார் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினைத் திடுக்கிட வைத்தவர். 1854-இன் கடைசியில் வந்து 1856-இன் தொடக்கம்வரை இருந்தார். உயிரினங்கள் தோன்றிய வழி பற்றி 1855-இல் அங்கிருந்தே கட்டுரை எழுதினார். ஒரே காட்டில் ஒருவர் ஆதியாகமத்தைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்க, இன்னொருவர் அதன் அடித்தளத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

1857-இல் தங்கச் சுரங்கத்துச் சீனர்கள் கிளர்ந்தெழுந்து கூச்சிங்கில் ராஜாவின் வீட்டையே கொளுத்தினார்கள். அத்தியட்சர் மெக்டூகலின் குடும்பம் ஊரைவிட்டு ஓடியது. கோமஸ் அதற்குப் பிறகும் லுண்டுவில் பத்து வருஷம் இருந்திருக்கிறார். பிடிவாதக்காரர்தான்.

பேராலயத்திலிருந்து ஸ்டாம்ஃபோர்டு சாலை வழியே மேற்கே நடந்தேன். வலது பக்கம் மேலாண்மைப் பல்கலைக்கழகம், பையன்களும் பெண்களும் கையில் ஐஸ் காப்பியோடு. எதிரே கோட்டை மலை. இந்த மலையடிவாரத்தில் 1875-இல் எழுந்தது செயிண்ட் பீட்டர்ஸ் ஆலயம். 1872-இல் மிஷன் பொறுப்பேற்ற கோமஸ் எழுப்பிய கோயில். இப்போது அது இல்லை. இந்தச் சாலையில் எல்லாரும் நேசித்த செங்கல் நூலகத்தையே சுரங்கப்பாதைக்காக இடித்த ஊர் இது. பழைய ஒரு மிஷன் கோயில் எம்மாத்திரம்?

கோயில் இல்லாவிட்டாலும் இடம் இருக்கிறதே, கொஞ்ச நேரம் நின்றேன். எதிர்ப்பக்கம் பிராஸ் பசா. கைதிகளின் பெரிய சிறை அங்கேதான் இருந்தது. கோமஸ் வந்த மறு வருஷமே, 1873-இல், மிச்சமிருந்த கைதிகளை அந்தமானுக்கு அனுப்பிவிட்டார்கள். விடுதலையானவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. வண்டியோட்டி, மாடு வளர்த்து, பால் கறந்து, இங்கேயே கிடந்தார்கள். சாலையோரம் ஓடிய ஓடையில் நம் ஊர்ச் சலவைத் தொழிலாளிகள் துணி துவைத்தார்கள். தோபி காட் என்று பெயரே அதனால்தான். நகரத்தின் ஜனத்தொகை அப்போது ஒரு லட்சத்தை ஒட்டி. அவர் இறக்கும்போது இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. பெரும்பாலோர் சீனர். அவர்களுக்குள்ளேயே ஹொக்கியன், தியோச்சு, கண்டனீஸ் என்று ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத கூட்டங்கள். தமிழரை அன்றைய பதிவேடுகளில் ‘கிளிங்’ என்று எழுதினார்கள். இன்றைக்கு அந்தச் சொல்லை வாயில் எடுத்தால் அடி விழும்.

செயிண்ட் பீட்டர்ஸின் விசேஷம் இதுதான்: ஒரே கட்டடத்தில் சீன ஆராதனை, தமிழ் ஆராதனை, மலாய் ஆராதனை. மலாய் என்றால் இஸ்லாமியரான மலாய்க்காரருக்காக என்று எண்ண வேண்டாம். தலைமுறை தலைமுறையாக இங்கே ஊறி, சீன முகமும் மலாய் நாக்குமாக இருந்த பெரானாக்கன் குடும்பங்களுக்கு அதுதான் வீட்டுமொழி. ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலை நினைத்துப் பார்க்கிறேன். பின்னல் சடைக்காரர்கள் வெளியே வர, வேட்டி கட்டியவர்கள் உள்ளே போவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வாசலில் கை கொடுத்துக்கொண்டு நடுவில் ஒரு இலங்கைக்காரர், போர்த்துக்கீசியப் பெயரும் ஆங்கில அங்கியுமாக. மேற்கே ஜூரோங் காட்டுக்குள் தோட்டம் போட்ட சீனக் குடியானவர்களுக்கும் அவர் காலத்தில் ஒரு சிற்றாலயம் தொடங்கியது. இன்று ஜூரோங் என்றால் எண்ணெய்த் தொட்டிகளும் தொழிற்சாலைகளும்தான் ஞாபகத்துக்கு வரும். அன்று மிளகும் கம்பீர்ச் செடியும் விளைந்த காடு, புலி நடமாடிய தீவு.

லுண்டுவில் தயாக் மொழி, பிறகு மலாய், சிங்கப்பூரில் சீனம். ஐம்பது வயதை நெருங்கும்போது ஒரு மனிதர் புதிதாகச் சீனப் பேச்சு கற்றுக்கொள்ள உட்காருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது, துபாய்க்குப் போய் முப்பது வருஷமாகியும் அரபியில் தண்ணீர் கேட்கத் தெரியாத என் சித்தப்பாவை நினைத்தால்தான் விளங்குகிறது.

அங்கிருந்து நடந்தே தேக்கா வந்தேன். நல்ல வெயில். சந்தையின் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் குடித்தேன். ‘தேக்கா’வே ஹொக்கியன் சொல், மூங்கில் புதரின் அடி என்று பொருள். எருமைச் சந்தை நடந்த பகுதியில் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்று இரண்டு தெருக்கள், ஆங்கிலத்தில் ஒன்று, மலாயில் ஒன்று. எதிரே தோண்டிப் போட்டிருந்த சாலையோரம் ஒரு பலகை, ‘அபாயம்’ என்ற சேதியை நான்கு மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலில் படமெடுக்கும் காட்சி அது. நானும் எடுத்தேன். முப்பது வருஷம் இந்தப் பலகை மாதிரி இரண்டு காலில் நடமாடியவர் கோமஸ் ஐயர் என்று அப்போதுதான் தோன்றியது.

அவர் காலமான நாட்களில் இந்த நகரத்துக் கிறிஸ்தவர்களை அடக்கம் செய்தது புக்கிட் தீமா சாலைக் கல்லறைத் தோட்டத்தில். 1865-இல் திறந்தது, 1907-இல் மூடியது. லிட்டில் இந்தியாவின் விளிம்பில், மகப்பேறு மருத்துவமனைக்குப் பக்கம். 1970-களில் கல்லறைகளை அப்புறப்படுத்திப் பூங்காவாக்கினார்கள். கம்போங் ஜாவா பூங்கா. பூமி குறைந்த ஊரில் செத்தவர்களும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்காக இவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறி வாசனையைத் தாண்டி வடக்கே நடந்தால், ஃபேரர் பார்க்குக்கு அப்பால் தெருப்பெயர்கள் சட்டென்று மாறுகின்றன. நார்ஃபோக், துர்ஹாம், டோர்செட் என்று இங்கிலாந்து ஜில்லாக்களாக வரிசைகட்டி நிற்கின்றன. வழி தவறி நான் இரண்டு ஜில்லாக்களைச் சுற்றினேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சிங்கப்பூர் மழைக்கு முன்னுரை கிடையாது. டோர்செட் சாலை முதல் எண்ணில் கிறைஸ்ட் சர்ச் வாசலில் நனைந்தபடி ஒதுங்கினேன். ஸ்டாம்ஃபோர்டு சாலைக் கோயிலில் தமிழில் ஜெபித்த சபையின் தொடர்ச்சி இதுதான்.

வராந்தாவில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒரு துண்டை நீட்டினார்.

“தலையைத் துவட்டுங்க தம்பி. ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா? எந்தப் பக்கம்?”

“திருநெல்வேலிப் பக்கம்யா. நாசரேத்துக்கிட்ட.”

“அட, எங்க பாட்டனார் சாயர்புரம்ல! நான் இங்கேயே பிறந்தவன். ஒரு தடவதான் போயிருக்கேன். நம்ம கோயில் கோபுரத்தப் பாத்து அழுதுட்டேன்.”

கோமஸ் பெயரைச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கினார்.

“கோமஸா? ரோமன் கத்தோலிக்கரா இருக்கும். அவங்க கோயில் ஓஃபிர் ரோட்டுல, லூர்து மாதா கோயில். அங்க கேட்டுப் பாருங்களேன்.”

காலையில் பெருமாள் கோயில், சாயங்காலம் மாதா கோயில். கோமஸ் ஐயரை யாரும் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொள்வதாக இல்லை. விஷயத்தை விளக்கினேன். பெரியவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். “செல்லையா ஐயாவத் தெரியும் எங்களுக்கு. அவருக்கு முன்னால உள்ள கதை யாரும் சொல்லலியே” என்றார்.

அவர் சொன்னது டி. டி. செல்லையாவை. தமிழர். செயிண்ட் ஆண்ட்ரூஸ் பள்ளி ஆசிரியர், லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், பிறகு குருப்பட்டம் பெற்றவர். நீரிணைக் குடியேற்றங்களின் கல்விக் கொள்கை பற்றிய அவர் வரலாறு 1947-இல் அச்சாகி, இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்டும் நூலாக இருக்கிறது. தாய்மொழிக் கல்விக்காக வாதாடியவர். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் சிறை முகாமிலிருந்து வந்து தேறும்வரை பள்ளியை ஏற்று நடத்தியவரும் அவர்தான். ஜப்பானியர் காலத்தில் அத்தியட்சர் லியோனார்ட் வில்சனை சாங்கிச் சிறையில் அடைத்து, 1943 அக்டோபரில் அடித்து வதைத்தார்கள். ஐரோப்பியர் அத்தனை பேரும் உள்ளே. கோயில்களை வெளியே இருந்து காப்பாற்றியவர்கள் ஆசியர்கள்தான். செல்லையாவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே தொட்டு நிறுத்துகிறேன்.

மழை விட்டதும் பெரியவர் குடை ஒன்றைக் கொடுத்து, “திருப்பித் தர வேண்டாம், மறந்துட்டுப் போனவங்க குடை நிறைய கிடக்கு” என்றார். அதைப் பிடித்துக்கொண்டு சிராங்கூன் சாலையைக் கடந்து, ஜாலான் பெசார் பக்கம் ஹாமில்டன் சாலைக்குப் போனேன். அங்கே ஹோலி டிரினிட்டி ஆலயம். அறிவிப்புப் பலகை முழுக்கச் சீன எழுத்து. இதுவும் அதே ஸ்டாம்ஃபோர்டு சாலை மிஷன் மரத்தின் கிளை. சீன சபை. டோர்செட் சாலையிலிருந்து நிதானமாக நடந்தாலும் அரை மணிக்குள் வந்துவிடலாம். வாசலில் நின்ற ஒரு சீன அம்மாளிடம் டோர்செட் சாலைத் தமிழ்க் கோயில் தெரியுமா என்று கேட்டேன். “தமிழ்க் கோயிலா? சிராங்கூன் ரோட்டுக்குப் போங்க, வரிசையா இருக்கு” என்று ஆங்கிலத்தில் வழிகாட்டினார். காளியம்மன் கோயிலைச் சொல்கிறார் என்று புரிந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு கூரையின்கீழ் மூன்று மொழி இருந்தது, கூரை இட நெருக்கடியாலா சவுகரியத்தாலா பிரிந்தது, மொழிக்கு ஒரு கோயில் ஆனது. அதில் நஷ்டம் மட்டும் இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். அவரவர் மொழியில் அவரவர் ஐயர் பிரசங்கிக்கும்போதுதான் பாட்டிகள் தூங்காமல் கேட்கிறார்கள். தமிழனுக்குத் தமிழன் ஐயராக வர வெகுகாலம் காத்திருந்தவர்கள் அதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்ல நான் யார்? ஆனால் இரண்டு வாசலிலும் பக்கத்து வாசலைத் தெரிந்த ஒருவரையாவது பார்த்திருந்தால் எனக்கு அன்றைய நடை இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கோமஸுக்கு இரண்டு வாசலும் ஒன்று.

இராத்திரி பொங்கோலில் இடியாப்பம் பரிமாறிக்கொண்டே அக்கா மகள் கேட்டாள்: “ஐயரப் பாத்தீங்களா மாமா?”

“பாதி பாத்தேன்.”

“மீதி?”

“லுண்டுவுல இருக்கும். கூச்சிங் போய், அங்கேர்ந்து பஸ்ல போகணும்.”

“அத்தைக்கிட்ட நீங்களே சொல்லிக்கோங்க” என்று எழுந்து போய்விட்டாள்.

லுண்டு எனக்கு வாய்க்கிறதோ இல்லையோ, சிங்கப்பூர் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முஸ்தபாவில் தைலமும் சாக்லேட்டும் வாங்க எப்படியும் ஃபேரர் பார்க் நிலையத்தில்தான் இறங்குவீர்கள். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். டோர்செட் சாலை அங்கிருந்து நடை தூரம், ஹாமில்டன் சாலையும் அப்படித்தான். இரண்டு வாசலிலும் ஐந்து நிமிஷம் நின்று, கோமஸ் என்று ஒருவர் இருந்தார் என்று யாரிடமாவது சொல்லிவிட்டு வாருங்கள். குடை மறக்காதீர்கள்.